பின் சீட்டின் இடப்பக்கம்

நாகூர் கனி யாரையும் நம்பியதில்லை. இதை ஒரு குறையாகத்தான் முதலில் குறித்துக்கொள்கிறேன். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றின் பின்சுவருக்கும் குயவர்களின் சூளைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஓர் இடத்தில் அவர் மோட்டார் வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பக்கம் ஊறிய தோலின் நாற்றம், மறுபக்கம் சூளைப் புகை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வருகிற வண்டியையும் அதை ஓட்டி வருகிறவனையும் ஒரே மாதிரிப் பார்ப்பார்.

"தானா நின்னு போச்சு பாய்" என்று யாராவது சொன்னால், "தானா ஒண்ணும் நிக்காது. நீ என்ன செஞ்சே, அதச் சொல்லு" என்பார். கடையில் வாங்கிவந்த புதுக் கம்பிக்குள் செம்பு அறுபடாமல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்காமல் வண்டியில் சேர்க்கமாட்டார். அந்த விளக்கு அவரே செய்தது: ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு கம்பிகள். தாம் நேற்று முடுக்கிய திருகையே இன்று விரலால் அசைத்துப் பார்ப்பார். "நேத்து முடுக்கினது நீங்கள்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆமா சார். அந்த ஆளையும் எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்றார்.

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு வந்த நேரத்தில் வண்டியில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ, அத்தனை பேரும் அதே இடத்தில் மறுபடி உட்கார வேண்டும். காய்கறிக் கூடை இருந்திருந்தால் கூடையும் வரவேண்டும். ஒரு பார்ஸிக் கிழவர் தம் நாயைக் கூட்டி வந்து உட்காரவைத்தார். நாய் கதவோரம் சாய்ந்ததும் உள்விளக்கு அணைந்தது. கதவுக்குள் போகும் கம்பி அங்கே கழன்றிருந்தது. இந்த வழக்கத்தை அவர் ஒரே ஒரு வண்டிக்காக விட்டுக்கொடுத்தார். அது மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த அனந்தகிருஷ்ணனின் வண்டி.

அதற்கு வருமுன் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடையநல்லூரில் நெசவுக் குடும்பம். பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, முதல் ஒன்றரை வருஷம் தோல்களுக்கு உப்புப் போட்டார். பிறகு லாரிகள் நிறுத்தும் ஒரு கராஜில் வண்டி கழுவும் வேலை. ஒருநாள் மத்தியானம் அங்கே நின்றிருந்த லாரி தீப்பிடித்து எரிந்தது. கடைசியாக அதன் அருகே நின்றவர் நாகூர் கனி. பீடி பிடித்திருப்பான் என்றார்கள். அவர் பீடி பிடிப்பதில்லை. அதைச் சொன்னபோது, "எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எரிந்த லாரியின் கூடு பழைய இரும்புக்காரனிடம் போனது. இவர் இரண்டு மாதம் தினமும் அங்கே போய் அந்தக் கூட்டைத் துருவினார். கடைசியில், ஒரு கம்பி அதன் பிடியிலிருந்து தளர்ந்து இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தோல் உரிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினால், அதற்குள் அந்தக் கராஜே கைமாறிவிட்டது. கேட்க ஆள் இல்லை.

"அந்தத் துண்டு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"செம்பு வெலைக்குப் போட்டுட்டேன் சார். அன்னைக்குச் சாப்பாட்டுக்கு ஆச்சு."

அந்த லாரியின் எலும்புக்கூட்டில் கற்றதுதான் அவருடைய படிப்பு முழுவதும்.

இனி அனந்தகிருஷ்ணன். பாலக்காட்டுக்காரர், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஒன்றில், பணம் கேட்டு வருகிற மனுக்களைச் சோதிக்கும் அதிகாரி. செத்ததாகச் சொல்லப்படுகிறவன் மெய்யாகவே செத்தானா என்று இருபது வருஷமாகப் பார்த்து வந்தவர். அந்த உத்தியோகம் சாயங்காலத்தோடு முடிவதில்லை. வீட்டில் பால்காரன், தபால்காரன், தம்முடைய கைக்கடிகாரம் எல்லாமே அவருக்கு மனுதாரர்கள். ஆள் நல்ல கனம். மாடிப்படியில் அவர் ஏறுவது மூன்றாம் தளம்வரை தெரியும்.

சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய கறுப்பு வண்டி அவருடையது. யுத்தத்துக்காக முன்விளக்குகளில் பூசிய கறுப்புச் சாயத்தின் மிச்சம் ஓரங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டு தோல் சீட்டு. அனந்தகிருஷ்ணனின் மனைவி ராஜலக்ஷ்மி மடியாகக் கோவிலுக்குப் போகிறவள், தோல்மேல் உட்காரமுடியாது. அதனால் தன் கையால் நனைத்து உலர்த்திய ஒரு வெள்ளைத் துணியைச் சீட்டு முழுவதும் விரித்திருந்தாள். அந்தத் துணியை வீட்டாரைத் தவிர யாரும் தொடக்கூடாது. டிரைவர் தொடக்கூடாது. மெக்கானிக் தொடக்கூடாது, அதிலும் தாராவி மெக்கானிக். அந்த வண்டியில் பாட்டரி இருந்ததோ அந்தச் சீட்டுக்கு அடியில், இடப்பக்கம்.

நாற்பத்தைந்தாம் வருஷம் பிப்ரவரியில் அந்தப் பாட்டரியை மாற்றினார்கள். கடைக்காரன் அனுப்பிய ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சமையல்காரர் பஞ்சுதான் அதை ஏந்திக்கொண்டு போய் உள்ளே வைத்தார். மாடியிலிருந்து பார்த்தேன். உற்சவ மூர்த்தியைத் தூக்குகிற பக்தியோடு தூக்கினார். அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் நின்று, "கெட்டியா இருக்கா? கெட்டியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாவடுப் பரணி வாய் மாதிரி இருக்கு அண்ணா. அசையாது" என்றார் பஞ்சு.

மே மாதம் வண்டி நிற்க ஆரம்பித்தது.

அனந்தகிருஷ்ணன் செம்பூரில் வீடு கட்ட ஒரு மனை வாங்கியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் அதைப் போய்ப் பார்ப்பார், யாரும் எல்லைக் கல்லை நகர்த்திவிடவில்லையே என்று. துணைக்கு என்னையும் அழைப்பார். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். சயான் அருகே தாராவிக்குப் பிரியும் முனையில் ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கி இடப்பக்கம் வளையும். வேகம் தணிந்து அங்கே திரும்பும்போது வண்டி மூச்சை விட்டதுபோல் அணைந்துவிடும். அனந்தகிருஷ்ணன் கத்திக்கொண்டே கீழே இறங்குவார். டிரைவர் பிரம்மநாயகம் முன்னால் போய் இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றுவான். உடனே கிளம்பும். இவர் ஏறி உட்காருவார். மறுபடி அணையும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனபின் எங்களை ஸ்டேஷனில் போய் ரயில் ஏறச்சொல்லிவிட்டு அவன் வண்டியைத் தனியாக வீட்டுக்கு ஓட்டிப்போவான். வழியில் ஒரு தடவைகூட நிற்காது.

"சங்கரன், கவனிச்சேளோ?" என்றார் மூன்றாவது சனிக்கிழமை. "எப்பவும் இதே முனை. இங்கேர்ந்து அந்தப் பாயோட கொட்டகை கூப்பிடு தூரம். நான் எறங்கினா ஓடறது, ஏறினா நின்னுடறது. ராஜலக்ஷ்மி தினம் கோவிலுக்குப் போறாளே, ஒரு நாள் நின்னிருக்கா? கேட்டுப் பாருங்கோ. எனக்குன்னு பண்றான்."

"எதற்காக?"

"என்ன ஓய், எதற்காகவா? பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்க நான் கால் கடுக்க நிக்கறேன். நாம ரயில்ல போயிடறோம். வண்டி இவங்கிட்ட. அவன் அம்பாசமுத்திரம், இந்தப் பாய் கடையநல்லூர். ரெண்டும் ஒரே ஜில்லா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் மனம் உண்மை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

அன்றிரவே அவர் ஒரு கடிதம் எழுதி எனக்குக் காட்டினார். மாதுங்காவில் பழைய முதலாளியின் கடிதம் இல்லாத டிரைவருக்கு ஒரு கராஜ் கதவும் திறக்காது. இவர் எழுதியிருந்த கடிதம் இருக்கிற கதவையெல்லாம் சாத்திவிடும். பிரம்மநாயகத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு வாரம் டயம். வர்ற சனிக்கிழமை வண்டி அந்த முனைல நின்னா, அங்கேயே சாவியைக் கொடுத்துட்டு இந்தக் கடுதாசியை வாங்கிண்டு நடக்கலாம்."

பிரம்மநாயகத்துக்கு இருபத்தெட்டு வயது. மனைவி அகிலாண்டம் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணி. தாராவியில் ஓர் அறை. அவன் நேரே வண்டியோடு நாகூர் கனியிடம் போனான். அங்கே நடந்ததை இருவருமே பின்னால் எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

"உண்மையச் சொல்லுலே. பெட்ரோல் எடுக்குதியா?" இதுதான் முதல் கேள்வி.

"எம் புள்ள மேல சத்தியமா இல்ல பாய்."

"புள்ள இன்னும் பொறக்கலியே. பொறக்காத புள்ள மேல வச்ச சத்தியத்த நான் எந்தக் கணக்குல எடுக்க?"

பிறகு இரண்டு நாள் வண்டியை உருவிப் போட்டார். சாவித் துவாரத்தின் பின்னால் போகும் கம்பிகள், ஓட்டத்தில் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, ஹாரன், ஒவ்வொரு முனையையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அந்த முனையில் பதினோரு தடவை ஓட்டச்சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். பின் சீட்டில் உட்கார அனந்தகிருஷ்ணனைக் கூப்பிட முடியவில்லை. நிற்கவில்லை.

"பாட்டரி?"

"புதுசு பாய். ஐயாவே நின்னு வச்சாரு. சீட்டத் தூக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"புதுசுன்னா சரி, விடு."

செவ்வாய்க்கிழமை என்னை அனந்தகிருஷ்ணன் அந்தக் கொட்டகைக்கு அனுப்பினார். "சும்மா பாக்கற மாதிரி பாத்துட்டு வாங்கோ. தகர டப்பா எத்தனை இருக்கு, அதுல என்ன இருக்குன்னு." நானும் போனேன். போனதை நினைத்தால் இப்போதும் பெருமையாக இல்லை.

நாகூர் கனி என்னைக் கண்டதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மோந்து பாக்க வந்தீங்களோ சங்கரன் சார்? இந்தத் தோல் நாத்தத்துல பெட்ரோல் வாசன பிடிபடாது. டப்பாவத் தெறந்தே பாத்துக்கிடுங்க." ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். ஒன்றில் ஆணி, ஒன்றில் கிரீஸ், ஒன்றில் அவலும் வெல்லமும். "அதுல கொஞ்சம் எடுத்துக்கிடுங்க. வந்ததுக்கு."

ஒரு துண்டு வெல்லம் எடுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. "நீங்க பின்னால உக்காந்துதான போனீங்க? கேக்கேன், சொல்லுங்க. வண்டி நிக்கும்போது ஹாரன் அடிச்சுதா?"

யோசித்தேன். இரண்டாவது சனிக்கிழமை குறுக்கே ஒரு கைவண்டி வந்தது. பிரம்மநாயகம் ஹாரனை அமுக்கினான். சத்தமே வரவில்லை, ஜன்னல் வழியே கையை நீட்டிக் கத்தினான். அதைச் சொன்னேன்.

"சாவிய அணைச்சா இஞ்சின் நிக்கும். ஹாரன் சாகாது. அப்ப அவன் சாவியத் தொடல. வெளக்கு?"

அதுவும் ஞாபகம் வந்தது. முதல் சனிக்கிழமை எப்படியோ செம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டோம். இருட்டுகிற நேரத்தில் திரும்பும்போது, நல்ல வேகத்தில், முன்விளக்குகள் இரண்டும் திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தன. பல்புகள் கருகிப்போயின. பிரம்மநாயகம் மட்ட பல்பு வாங்கிப் போட்டுவிட்டான் என்று அதற்கும் அவனுக்குத்தான் திட்டு.

நாகூர் கனி கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இத ஏன் அவன் எங்கிட்டச் சொல்லல? மட்ட பல்புன்னு அவனும் நம்பிட்டான் போல. சார், டைனமோவ அடக்கி வைக்கிறது பாட்டரிதான். ஓட்டத்துல பாட்டரி கைய விட்டுச்சுன்னா டைனமோ பொங்கிரும், பல்பு கருகிரும். மெதுவாப் போகும்போது கைய விட்டா டைனமோவுக்குத் தெம்பு இருக்காது, வண்டி நின்னுரும். ரெண்டும் ஒரே எடத்துக் கோளாறு." பிறகு, திருட்டை ஒப்புக்கொள்கிறவர்போல் மெல்லச் சொன்னார்: "நான் பாக்காத எடம் அது ஒண்ணுதான். சாமியே நின்னு வச்ச புதுசுன்னு அவன் சொன்னான். நம்பிட்டேன்."

"நீங்களா?"

"ஆமா. கடையில புதுசா வாங்குன கம்பிய நம்பமாட்டேன். இத நம்பிட்டேன். ஏன்னு கேட்டா…" சூளைப் பக்கம் பார்த்தார். "தொடாதேன்னு சொல்லுத எடத்தப் பத்தி நான் கேள்வி கேக்கிறதே இல்ல சார். சின்ன வயசுலேந்து பழகிப் போச்சு. பாத்துக்கிடுங்க, என்ன மடத்தனம்."

நான் வீட்டுக்குப் போய் அனந்தகிருஷ்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சீட்டை ஒரு முறை தூக்கிக் காட்டினால் போதும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சந்தேகம் உறுதிப்படும்போது மனிதருக்கு வருகிற மலர்ச்சி அது.

"சொன்னேனோ இல்லையோ! இப்போ சீட்டுக்கு அடியில கை வெக்கணுமாம். புதுப் பாட்டரியை எடுத்துண்டு பழசை வெச்சுடுவான். நீங்க வெள்ளை மனசு, ஓய். ஏமாந்துட்டேள்."

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து மேகம் கூடியிருந்தது. பிரம்மநாயகம் அன்று புதிதாகத் துவைத்த சட்டை போட்டிருந்தான். கடிதம் அனந்தகிருஷ்ணனின் கோட்டுப் பையில் இருந்தது. அவர் அதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முனைக்கு வந்தோம். பள்ளத்தில் இறங்கினோம். வண்டி திரும்பியது, அணைந்தது.

"முடிஞ்சுது" என்று அனந்தகிருஷ்ணன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"சாமி, எறங்காதீங்க! அப்படியே இருங்க!"

ரோட்டோரம் நாகூர் கனி நின்றிருந்தார். கையில் விளக்குகூட இல்லை, ஒரு ஸ்பானர் மட்டும்.

"பாத்தேளா, முன்னாடியே வந்து காத்திண்டிருக்கான்!" என்று அனந்தகிருஷ்ணன் என்னிடம் சொன்னார்.

"ஆமா, காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் வண்டியத் தொடல. டிரைவரும் ஹாரனத் தவிர எதையும் தொட வேண்டாம். எல்லாரும் பாக்கட்டும்னுதான் நிக்குதேன். பிரம்மநாயகம், ஹாரன அமுக்கு. கைய எடுக்காத."

பிரம்மநாயகம் அமுக்கினான். சத்தமில்லை.

"சாமி, இப்ப எந்திரிங்க."

அனந்தகிருஷ்ணன் சந்தேகத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஹாரன் அலறியது. அவர் திடுக்கிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஹாரன் நின்றது.

பிறகு அவர் தாமாகவே எழுந்தார். அலறல். உட்கார்ந்தார். அமைதி. பிரம்மநாயகத்தின் கையைப் பார்த்துக்கொண்டே, ஏமாற்றுகிற நொடியைப் பிடித்துவிடுகிறவர்போல், சட்டென்று எழுந்தார், சட்டென்று உட்கார்ந்தார். தோல் கொட்டகை ஆட்கள் வேலையை விட்டுக் கூடிவிட்டார்கள். "சேட், பிர்ஸே பைட்டோ!" என்று, மறுபடி உட்காரச்சொல்லி, ஒருவன் கத்தினான். "ஏக் பார் அவுர்!" என்று இன்னொருவன் இன்னும் ஒரு தடவை கேட்டான். கைதட்டல் கிளம்பியது. நான் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. அவன் கை ஹாரன் மேலேயே இருந்தது.

"இப்ப சீட்டத் தூக்கணும்" என்றார் நாகூர் கனி. "நான் தொடல. நீங்களே தூக்குங்க."

அனந்தகிருஷ்ணன் வெள்ளைத் துணியை மடித்து என்னிடம் கொடுத்தார். சீட்டைத் தூக்கினார். பாட்டரியின் ஒரு முனையைக் கவ்வவேண்டிய வளையம், முனையைவிடப் பெரியது. இடைவெளி தெரியாதிருக்க முனையைச் சுற்றி ஒரு துணிப்பட்டை இறுகச் சுற்றியிருந்தது. அமிலம் பட்டு முக்கால்வாசி இற்றுப்போயிருந்தது. மிஞ்சிய ஓரத்தில் மயில்கண் கரை. அது அனந்தகிருஷ்ணனின் பழைய வேஷ்டி. அதை அவரே அடையாளம் கண்டுகொண்டார்.

பஞ்சு தமக்குத் தெரிந்த வேலையைச் செய்திருந்தார். ஊறுகாய் போடும் பரணியின் வாய்க்கு மூடி தளர்ந்தால் துணி சுற்றி இறுக்குவார், இதற்கும் சுற்றினார். துணி வழியே மின்சாரம் போகாது என்பது சமையற்கட்டில் யாருக்கும் தேவைப்படாத விஷயம். வளையம் ஒரு பக்கம் மட்டும் முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. துணி இற்றுத் தளரத் தளர, பள்ளத்தில் வண்டி சாய்கையில் அது நகர்ந்துவிடும். மேலே கனமான ஓர் ஆள் இருந்தால் சீட்டுக்குள் இருக்கும் சுருள்வில் அந்த வளையத்துக் கம்பியை அழுத்தி, தொட்ட கொஞ்சமும் விட்டுப்போகும். ராஜலக்ஷ்மி காற்றைப்போல் இருப்பாள். வண்டி அவளுக்கு ஓடியது.

அனந்தகிருஷ்ணன் நீண்ட நேரம் பார்த்தார். "இந்தத் துணி…" என்று ஆரம்பித்தார். "கொடியிலேர்ந்து யாராவது எடுத்திருக்கலாம்."

"அனந்தகிருஷ்ணன், பஞ்சு வைத்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்" என்றேன். அவருக்கு எதிராக நான் பேசியது அதுவே முதல் தடவை. அவர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, சரி. முடுக்கச் சொல்லுங்கோ. மழை வருது."

நாகூர் கனி அசையவில்லை. ஸ்பானர் கையில் தொங்கியது.

"முடுக்குதேன் சாமி. காயிதம் எங்க?"

"என்ன காயிதம்?"

"அவனுக்கு எழுதி வச்சிருக்கிய காயிதம். அத அவன் கையில குடுங்க."

"அவனை நான் அனுப்பலையே. இனிமே அது எதுக்கு? எங்கிட்டயே இருக்கட்டும்."

"அனுப்பலைன்னா உங்களுக்கும் அது எதுக்கு?"

முதல் தூறல் விழுந்தது. கூட்டம் கலையாமல் நின்றது. அனந்தகிருஷ்ணன் கோட்டுப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து நீட்டினார். நாகூர் கனி அதை வாங்கி என்னிடம் தந்தார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வேற காயிதமா இருந்தா? வாசிங்க சார்."

வாசித்தேன். வாசித்ததைத் தமிழில் சொல்லவும் வேண்டியிருந்தது. இவனை வைத்துக்கொள்கிறவர்கள் பெட்ரோல் பூட்டிவைப்பது நலம் என்றும், இவனுடைய கூட்டாளிகள் தாராவியில் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அனந்தகிருஷ்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரம்மநாயகம் தாளை வாங்கி நாலாய், எட்டாய்க் கிழித்தான். போடுவதற்கு இடம் தேடியவன், துவைத்த சட்டையின் பையிலேயே போட்டுக்கொண்டான்.

அதன் பிறகுதான் நாகூர் கனி குனிந்தார். துணியைச் சுரண்டி எடுத்தார், முனையை உப்புத்தாளால் தேய்த்தார், இடைவெளிக்கு ஓர் ஈயப் பட்டையைச் செருகி வளையத்தை முடுக்கினார். அனந்தகிருஷ்ணன் அந்த நேரம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு நாகூர் கனி சீட்டைப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். ஹாரன் அடித்தது. வண்டி கைப்பிடி இல்லாமலே கிளம்பியது.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரம்மநாயகம் குனிந்து எதையோ பார்த்தான். டாஷ் பலகைக்குக் கீழே பெட்ரோல் குழாயின் திருகில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என்ன பாய்?"

நாகூர் கனி மறைக்கவில்லை. "நான் கட்டினது. போன வாரம் நீ முதல் தடவ வந்தப்ப. அந்தத் திருக ஒரு சுத்துச் சுத்தினாலும் வண்டி நின்னுரும். நீ சுத்தியிருந்தா நூலு அந்து போயிருக்கும்."

"எனக்குச் சொல்லாம?"

"சொன்னா எதுக்குக் கட்டணும்?"

"நீரும் என்னக் கள்ளன்னு நெனச்சீரு."

"நெனச்சேன்லே. நூலு அறுபடல. இன்னைக்கு வண்டி நின்ன பொறவும் அப்படியே இருக்கு. இப்ப நெனைக்கல."

பிரம்மநாயகம் நூலை அறுத்து ஜன்னல் வழியே எறிந்தான். விடைகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தான். அவனைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வாரம் அவனைச் சந்தேகித்தவர்கள் மூன்று பேர். அனந்தகிருஷ்ணன் சந்தேகித்தார், கடிதம் எழுதினார். நான் சந்தேகித்தேன், டப்பாக்களை எண்ணப் போனேன். மூன்றாவது ஆள் ஒரு நூல் கட்டினார். 'இல்லை' என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்வதற்கு வழிவைத்துக்கொண்டு சந்தேகித்தவர் அவர் ஒருவர்தான். நாகூர் கனியைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது இவ்வளவே. இதுவும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை அனந்தகிருஷ்ணன் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு, இடப்பக்கத்தை எனக்குக் காட்டினார். "நீங்க அங்கே உக்காருங்கோ. எதுக்கும்."

முனையில் நாகூர் கனி குடையோடு நின்றிருந்தார். பிரம்மநாயகத்துக்காக அல்ல, அவர் முடுக்கிய திருகுக்காக. அந்த ஆளையும் அவருக்கு அவ்வளவாகத் தெரியாதே. வண்டி பள்ளத்தில் இறங்கித் திரும்பி, நிற்காமல் போயிற்று. பிரம்மநாயகம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அதற்கடுத்த வாரமும் அவர் நின்றார். இவன் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் மழை கொட்டியது. அவர் அன்றும் நின்றார், முழங்காலளவு சேற்றில். வளைவில் திரும்பும்போது ரோட்டில் கைவண்டியோ ஆளோ மாடோ எதுவும் இல்லை. பிரம்மநாயகம் ஹாரனை அமுக்கினான். முனை கடந்து வெகுதூரம் போகும்வரை கையை எடுக்கவில்லை.

"எதுக்குடா அடிக்கறே? யாருக்கு?" என்றார் அனந்தகிருஷ்ணன், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து.

"சும்மாதான் ஐயா. அடிக்குதான்னு பாத்தேன்."